லூசியின் மேல் விழுந்த சபை விலக்கு: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அடுத்த மாதம் மாணவர்களுக்கு இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றிக்கும் கான்டர்பரிப் பேராயர் தாமஸ் பெக்கெட்டுக்கும் நடந்த சண்டையை நடத்தப் போகிறாய். ஹென்றியின் உயர் அதிகாரி ரிச்சர்ட் டி லூசியை 'இரண்டு பக்கமும் தலையாட்டியவர்' என்று சொல்லலாமா என்று கேட்டிருந்தாய். தயவுசெய்து சொல்லாதே. அந்த மனிதர் கடைசிவரை அரசரின் ஆள். அவர் மாட்டிக்கொண்டது மனத்தடுமாற்றத்தால் அல்ல, அவர் உட்கார்ந்திருந்த பதவியால்.

முதலில் அந்தப் பதவியைப் புரியவை. ஹென்றிக்குக் கடலின் இரு கரையிலும் நாடு இருந்தது. அவர் பிரான்ஸ் பக்கம் போய்விட்டால் இங்கிலாந்தில் அரசர் இடத்தில் இருந்து வேலை நடத்துபவர் ஜஸ்டிஷியர். ஆணைகள் அவர் பெயரில் போகும். ஈஸ்டருக்கும் மிக்கேல் திருநாளுக்கும் அரசரின் வருவாய்க் கணக்கைப் பார்க்கும் எக்ஸ்செக்கர் கூடும்போது அவர்தான் தலைமை. பத்தடி நீளம், ஐந்தடி அகலம் உள்ள மேசை, அதன்மேல் கட்டம் போட்ட துணி, கட்டங்களில் காய்களை நகர்த்திக் கணக்கு. அரசருக்காக மாவட்டத்தை நடத்தும் ஒவ்வொரு ஷெரிஃபும் அந்த மேசைக்கு முன்னால் வந்து பதில் சொல்ல வேண்டும். லூசி இந்த வேலையை 1155 முதல் லெஸ்டர் பிரபு ராபர்ட்டோடு சேர்ந்தும், 1168இல் ராபர்ட் இறந்த பிறகு தனியாகவும் பார்த்தார்.

பெக்கெட்டும் லூசியும் ஆரம்பத்தில் ஒரே அணி என்பதை மாணவர்கள் கட்டாயம் அறிய வேண்டும். லூசியின் அண்ணன் தம்பிகளில் ஒருவரான வால்டர், பேட்டில் மடத்தின் தலைவர். அந்த மடத்தின் மேல் தனக்கு அதிகாரம் உண்டு என்று சிச்செஸ்டர் ஆயர் ஹிலரி வழக்காடினார். 1157இல் கோல்செஸ்டரில் அரசர் முன்னால் விசாரணை. மடத்துக்கு அரசர்கள் கொடுத்த சாசனம்தான் பெரிது என்று லூசி பேசினார். அன்றைக்கு சான்சலராக இருந்த பெக்கெட்டும் அதே பக்கம் நின்று வாதாடினார். பிறகு 1162 மே மாதம், பெக்கெட்டைப் பேராயராகத் தேர்ந்தெடுக்கும்படி கான்டர்பரித் துறவிகளைச் சம்மதிக்க வைக்க அரசர் அனுப்பியவர்களில் லூசியும் ஒருவர். தன் தலைவிதியைத் தானே சுமந்துகொண்டு போனவர் என்றுகூடச் சொல்வேன்.

இனி முக்கியமான இடம். 1164 ஜனவரியில் கிளாரென்டனில், திருச்சபை விஷயங்களில் அரசருக்கு உள்ள உரிமைகளைச் சொல்லும் பதினாறு விதிகள் எழுத்தில் வந்தன. எல்லாரும் மூன்றாம் விதியைப் பற்றியே பேசுவார்கள், குற்றம் செய்த குருமாரை யார் தண்டிப்பது என்பதை. லூசியைப் புரிந்துகொள்ள நீ ஏழாம் விதியை எடுத்துக்கொள். அரசரிடம் நேரடியாக நிலம் பெற்றவர்களையோ அவருடைய அதிகாரிகளையோ சபை விலக்கம் செய்யக்கூடாது, அவர்கள் நிலத்தில் வழிபாட்டைத் தடை செய்யவும் கூடாது. செய்வதற்கு முன் அரசரிடம் முறையிட வேண்டும். அரசர் நாட்டில் இல்லையென்றால்? ஜஸ்டிஷியரிடம்.

இந்த விதி ஏன் அரசருக்கு உயிர் மாதிரி என்பதையும் சொல். விலக்கு விழுந்தவரோடு உண்ணக்கூடாது, பேசக்கூடாது, சேர்ந்து பூசை காணக்கூடாது. தெரிந்தே பழகுகிறவருக்கும் அந்தத் தீட்டு ஒட்டும். ஒரு ஷெரிஃபை விலக்கினால் அந்த மாவட்டத்தின் வரியும் நீதிமன்றமும் அப்படியே நின்றுபோகலாம். ஆகவே ஹென்றி அந்த வாசலில் ஒரு காவலாளியை நிறுத்தினார். அந்தக் காவலாளி லூசி.

பெக்கெட் அந்தக் காவலாளியையே விலக்கினார். 1164 அக்டோபரில் அரசர் தன் மேல் நடத்திய நார்தாம்டன் விசாரணையிலிருந்து இரவோடு இரவாகத் தப்பி, நவம்பர் தொடக்கத்தில் கடல் கடந்தார். கடலுக்கு அப்பால் செயின்ட் ஓமரில் லூசி அவரைச் சந்தித்துத் திரும்பி வரும்படி கேட்டார். பெக்கெட் மறுத்ததும், லூசி அவருக்குத் தான் கொடுத்திருந்த பணிவு உறுதியை முறைப்படி திருப்பி எடுத்துக்கொண்டார். இது கோபத்தில் சொன்ன வார்த்தை அல்ல, சட்டச் செயல். இனி நான் உங்கள் ஆள் அல்ல என்று நேருக்கு நேர் சொல்லாமல் எதிர்த்து நின்றால் அது துரோகம். இரண்டு பக்கமும் தலையாட்டுகிறவர் இப்படியா செய்வார்?

1166 ஏப்ரலில் போப் மூன்றாம் அலெக்சாண்டர் பெக்கெட்டுக்குத் தூதர் அதிகாரம், அதாவது போப்பின் பிரதிநிதியாகச் செயல்படும் அதிகாரம், கொடுத்தார். ஜூன் 12, பெந்தெகொஸ்தே ஞாயிறு, பிரான்ஸில் வெஸலே மக்தலேனா ஆலயம். அங்கே பெக்கெட் விலக்கியவர்களை மூன்று கூட்டமாகப் பிரித்துக் காட்டு. ஆக்ஸ்ஃபோர்ட் ஜானும் இல்செஸ்டர் ரிச்சர்டும் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்கில், அலெக்சாண்டருக்குப் போட்டியாக நிறுத்தப்பட்ட எதிர்ப்போப்பின் ஆட்களோடு உறவாடியதற்காக. ரானல்ஃப் டி ப்ராக் முதலானோர் கான்டர்பரியின் சொத்தைக் கைப்பற்றி வைத்திருந்ததற்காக. லூசியும் ஜோசலின் டி பேலியலும் கிளாரென்டன் விதிகளை உருவாக்கியதற்காக. அரசர் நோயுற்றிருப்பதாகச் செய்தி வந்ததால் அவருக்கு எச்சரிக்கை மட்டும்.

அன்றைக்கு ஹென்றி எங்கே இருந்தார் என்று மாணவர்களிடம் கேள். 1166 மார்ச்சில் பிரான்ஸ் போனவர் 1170 மார்ச்சில்தான் இங்கிலாந்து திரும்பினார். ஆக, ஏழாம் விதிப்படி முறையிட வேண்டிய இரண்டு ஜஸ்டிஷியர்களில் ஒருவர் லூசி, தண்டனை பெற்றவரும் லூசி. விதியை எழுதியதற்காக, அந்த விதியையே மீறி, அதைக் காக்க வேண்டியவர் மேல் தண்டனை. பெக்கெட் பக்கத்து நியாயத்தையும் மறைக்காதே. போப் ஏற்கனவே கண்டித்த விதிகளில் ஏழாவதும் ஒன்று. செல்லாத விதிக்கு ஏன் கட்டுப்பட வேண்டும் என்பது அவர் கேள்வி. இரு தரப்புக்கும் நடுவே தீர்ப்புச் சொல்ல ஆள் இல்லாமல் போனதுதான் பெரிய கேடு.

எக்ஸ்செக்கர் மேசையை இப்போது மறுபடி நினைத்துப் பார். தலைமை இருக்கையில் லூசி. பக்கத்தில், ஷெரிஃபுகளின் கணக்கைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கும் இல்செஸ்டர் ரிச்சர்ட், அவர் ஒரு குருவானவரும்கூட. இருவரும் விலக்கப்பட்டவர்கள். ஆனாலும் வேலை நிற்கவில்லை, அதற்குக் காரணம் மேல்முறையீடு. ஜூன் மாதமே லண்டன் ஆயர் கில்பர்ட் ஃபோலியட்டும் மற்ற ஆயர்களும் போப்பிடம் முறையிட்டு, அடுத்த ஆண்டு விண்ணேற்றத் திருநாளைத் தவணையாகக் குறித்தார்கள். தவணை முடியும்வரை தண்டனை நிறுத்தத்தில் இருக்கிறது என்பது அவர்கள் வாதம். தண்டனைக்குப் பின் செய்த முறையீடு அதைத் தடுக்காது என்பது பெக்கெட்டின் பதில். இதற்கிடையில் ஆக்ஸ்ஃபோர்ட் ஜான் நேரே ரோமுக்கே போய்ப் பாவவிமோசனம் வாங்கிக்கொண்டார்.

இன்னொரு சிக்கல், கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. விலக்கு நடைமுறையில் பலிக்க வேண்டுமானால் சாட்சிகள் முன்னால் அறிவிக்க வேண்டும். எனக்கு எதுவும் வந்து சேரவில்லை என்று எதிராளி சொல்ல இடம் வைக்கக்கூடாது. துறைமுகங்களிலோ காவல். 1169 குருத்து ஞாயிறன்று கிளேர்வோவில் ஃபோலியட் முதலானோரைப் பெக்கெட் விலக்கினார். லூசியின் பெயர் மறுபடி வந்தது மே 29, விண்ணேற்றத் திருநாளுக்கு என்று அறிவித்த இரண்டாம் பட்டியலில். அதே மே 29 அன்று லண்டன் புனித பவுல் ஆலயத்தில் நடந்ததை வகுப்பில் அப்படியே சொல். பெரெங்கர் என்ற பிரெஞ்சு இளைஞர் காணிக்கை நேரத்தில் பீடத்தருகே மண்டியிட்டு எதையோ நீட்டினார். காணிக்கை என்று நினைத்துக் குருவானவர் வாங்கினார். கைக்கு வந்தது ஃபோலியட்டை விலக்கிய கடிதங்கள். ஒன்று ஆயருக்கு, ஒன்று ஆலயத் தலைமைக் குருவுக்கு என்று சொல்லி, கூடியிருந்த ஜனங்களுக்கும் கேட்கும்படி விலக்கை உரக்க அறிவித்துவிட்டு, கூட்டத்தில் கலந்து மறைந்தார். திருநாள் பூசை, பீடம், நிறைந்த கூட்டம்: இதற்குமேல் சாட்சி வேண்டுமா? அந்த ஆண்டு அக்டோபரில் அரசர் விதித்த புதுக் கட்டுப்பாடுகளில் நாட்டில் வழிபாட்டைத் தடை செய்யும் கடிதம் கொண்டுவருகிறவர் துரோகியாக நடத்தப்படுவார் என்று சேர்த்தது ஏன் என்று இதிலிருந்தே புரியும்.

1170 டிசம்பர் 29 அன்று நடந்த பெக்கெட்டின் கொலையை நீ எப்படியும் நன்றாக நடத்துவாய், நான் தாண்டிப் போகிறேன். ஹென்றியின் மகன்கள் எழுப்பிய 1173–74 கலகத்திலும் லூசி அரசருக்காக நாட்டைக் காத்தார். அதற்குப் பிறகு நடந்த ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள். 1175இல் நாட்டிங்ஹாமில், கலக நாள்களில் அரச காடுகளில் வேட்டையாடியவர்கள் மேல் ஹென்றி வழக்குத் தொடுத்தார். லூசி எழுந்து, காடுகளைத் திறந்துவிடச் சொல்லிக் கடலுக்கு அப்பாலிருந்து அரசரே அனுப்பிய ஆணையை எடுத்துக் காட்டினார். அரசர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆணைப்படி நடந்தவர்கள் அபராதம் கட்டினார்கள். விசுவாசி என்று பெயர் எடுத்த லூசி, அரசர் முகத்துக்கு நேரே அவருடைய ஆணையையே நீட்டியது எனக்கு அந்த வாழ்க்கையிலேயே மிகப் பிடித்த இடம்.

1178 ஜூனில் லண்டனுக்குக் கிழக்கே லெஸ்னஸில் அகுஸ்தீனார் மடம் ஒன்றை நிறுவி, மரியன்னைக்கும் மறைசாட்சி தாமஸுக்கும் அர்ப்பணித்தார். அடுத்த ஆண்டு பதவியை விட்டு அங்கேயே துறவியாகி, 1179 ஜூலையில் இறந்தார். இதை வைத்து, மனம் மாறிக் கட்சி தாவினார் என்று யாராவது எழுதினால் நம்பாதே. 1173இலேயே பெக்கெட்டைப் புனிதராக அறிவித்துவிட்டார்கள், 1174இல் ஹென்றியே கல்லறைக்குப் போய்ச் சாட்டையடி வாங்கினார். அதற்குப் பிறகு அந்தப் பெயரில் மடம் கட்டுவது அரசருக்கு எதிரான செயல் ஆகாது. ஆனால் இரண்டு தரம் தன்னை விலக்கிய மனிதரின் பெயரைத் தன் மடத்துக்கு வைத்து அங்கேயே போய்ச் சாகத் துணிந்தவரின் பக்தியை நான் சந்தேகிக்க மாட்டேன்.

ஏழாம் விதியையும் வெஸலே பெயர்ப் பட்டியலையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாகப் போட்டுக் கொடு. அரசர் இருக்கும் இடத்தை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும். அவர்கள் என்ன கேட்டார்கள் என்று எழுது.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்