கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய ஒப்பந்தத்தை ராத்திரி உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். பாட்டுக் கம்பெனி உன் ராப் பாட்டுக்காக உன்னைத் தேடி வந்ததில் எனக்கும் அம்மாவுக்கும் அவ்வளவு சந்தோஷம். செங்கல் சூளையைப் பற்றி நீ பாடியதை ஆயாவுக்குப் போட்டுக் காட்டினேன். "தலையில சும்மாடு வெச்சதெல்லாம் சொல்லியிருக்காளே"ன்னு மறுபடி போடச் சொன்னார்கள்.

நம்ம அரக்கோணத்து ராப் பாடகர் அறிவைத்தான் நீ சின்ன வயசிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பாய். அவர் வளர்ந்த கதையைக் கொஞ்சம் நினைத்துப் பார். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் கானாவும் பறையும் ராப்பும் ஒரே மேடையில் ஏறியபோது, காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற அந்த இசைக்குழுவில் அவரும் ஒருவர். அடுத்த வருஷம் இசையமைப்பாளர் ஆஃப்ரோவோடு சேர்ந்து 'தெருக்குறள்' ஆல்பம். சினிமாவுக்கும் பாட்டு எழுதினார். 2021 மார்ச்சில் பாடகி தீயோடு 'என்ஜாய் எஞ்சாமி' வந்து உலகம் முழுக்கப் போனது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு ஊர் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளை அதில் கொண்டுவந்தார். தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த லட்சக்கணக்கான மக்களின் கதையை ஒரு ராப் பாட்டு இவ்வளவு பேர் காதில் போட்டதே, அதைத்தான் நான் பெரிய வெற்றி என்பேன்.

அதே வருஷம் ஆகஸ்டில் ஒரு பெரிய இசைப் பத்திரிகையின் அட்டையில் தீயின் முகம் இருந்தது, அவர் முகம் இல்லை. பா. ரஞ்சித் கேட்ட பிறகுதான் டிஜிட்டல் அட்டையில் வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமலே அந்தப் பாட்டு மேடையேறியது. பாட்டில் யார் பங்கு எவ்வளவு என்று அவரும் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனும் வெளிப்படையாகவே எழுதினார்கள். 2024இல் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து ஒரு பைசாகூட வரவில்லை என்று வீடியோவில் சொன்னார். அவ்வளவு பெரிய பாட்டுக்கே இந்தக் கதி. கைதட்டல் எத்தனை கோடி வந்தாலும் பேரும் பணமும் காகிதத்தில் இருப்பதைப் பொறுத்துத்தான் வரும், பாப்பா.

இனி உன் ஒப்பந்தம். நிலம் விற்கும் பத்திரத்தில் நான்கு எல்லையும் எழுதாமல் நான் யாரையும் கையெழுத்துப் போட விட்டதில்லை. பாட்டுக்கும் எல்லை உண்டு. எந்தப் பாட்டு, என்னென்ன உரிமை, எத்தனை வருஷம், எந்தெந்த நாடு, ராயல்டி, அதாவது பாட்டு ஓடும்போது வரும் பங்கு, எவ்வளவு என்று எழுத வேண்டும் என்கிறது காப்பிரைட் சட்டம். வருஷம் எழுதாவிட்டால் ஐந்து வருஷம் என்றும், இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் எடுத்துக்கொள்வார்கள். உன் ஒப்பந்தத்தில் மூன்றாம் பக்கத்தில் 'உலகம் முழுவதும், என்றென்றைக்கும், இனி எழுதப்போகிற பாட்டுகளும்' என்று இருக்கிறது. எழுதாத பாட்டை எப்படி எழுதிக் கொடுப்பாய்? அதை அடிக்கச் சொல்.

ஏழாம் பத்தியில் ராயல்டியை முழுசாக விட்டுக்கொடுப்பதாகப் போட்டிருக்கிறார்கள். 2012இல் வந்த திருத்தத்தின்படி, பாட்டு எழுதியவரும் இசை அமைத்தவரும் அந்தப் பங்கை வாரிசுக்கோ காப்பிரைட் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதித் தர முடியாது. எழுதினாலும் செல்லாது. இதை அவர்களிடம் தைரியமாகச் சொல். பாட்டு எழுதியவர்களுக்கும் இசை அமைத்தவர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் என்ற காப்பிரைட் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்துவிடு. பாட்டு எழுதியது, மெட்டு, குரல் மூன்றுக்கும் தனித்தனியாக உன் பெயர் வர வேண்டும் என்றும் கேள். பீட் போட்டுக் கொடுத்த அந்தப் பையன் பெயரும் அதில் இருக்கணும். அவன் வீட்டிலும் ஒரு அப்பா இருப்பார்.

இவ்வளவு கேட்டால் வாய்ப்புப் போய்விடுமோ என்று பயப்படாதே. சரியான கம்பெனி உட்கார்ந்து பேசும். பேச மாட்டேன் என்றால் போகட்டும், நீ மறுபடி உன் தெருமுனை மேடையில் பாடு, நான் முன்வரிசையில் இருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் ஒப்பந்தத்தின் அசலோடு வா. நமக்குத் தெரிந்த வக்கீலிடம் நேரம் வாங்கி வைத்திருக்கிறேன். அதுவரை அந்தப் பேனாவைத் தொடாதே.

அன்புடன்,
அப்பா