கப்பல்ல போலாமான்னு கேட்டியே, அதுக்குப் பதில்

டேய் முரளி,

உன் மெயில் வந்து ரொம்ப நாளாச்சு, பதில் போடலன்னு கோச்சுக்காத. பொண்ணு வீடு மாத்துனா, அந்த அலைச்சல்லயே நாள் ஓடிப்போச்சு. உனக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு படிச்சப்புறம்தான் நிம்மதி. ஸ்டிக் இல்லாம நடக்க ஆரம்பிச்சுட்டியா? பிசியோ சொல்ற எக்சர்சைஸ பாதியில விட்டுடாத, உன்னப் பத்தி எனக்குத் தெரியும்.

கலாவோட ஒரு க்ரூஸ் போலாமான்னு கேட்டுட்டு, "நாம அப்ப போனோமே, அந்த மாதிரின்னா ஆள விடு"ன்னும் எழுதியிருந்த. படிச்சு சிரிச்சுட்டேன். அந்தக் கேபின எவனாவது மறப்பானா? மேலயும் கீழயும் ரெண்டு பங்க், ஜன்னல்ங்கற பேச்சே கெடையாது, ராத்திரி பூரா இன்ஜின் அதிர்வுல ஷெல்ஃப்ல இருந்த கண்ணாடி டம்ளர் கிணுகிணுன்னு ஆடிட்டே இருக்கும், கடைசில நீ அதுக்குள்ள சாக்ஸ சொருகி வச்சுட்டுத் தூங்குன. நான் போன வருஷம் ஒரு புதுக் கப்பல்ல போயிட்டு வந்தேன்டா. அதனால கொஞ்சம் விவரமாவே சொல்றேன்.

முதல்ல ஒண்ணு, அந்தக் காலத்துல க்ரூஸ் ஓடுன கப்பல்ல பாதி, லீவுக்குன்னு கட்டுனதே இல்ல. ஆளுங்கள ஒரு கரையிலேந்து இன்னொரு கரைக்குக் கொண்டுபோய்ச் சேக்கக் கட்டுனது. 1958ல அட்லாண்டிக்க தாண்ட ஜெட் விமானம் வந்துச்சு, அதோட அந்தக் கப்பலுங்களோட பொழப்பு போச்சு. ஃப்ரான்ஸ்னு ஒரு பெரிய கப்பல், 1962ல ஓட ஆரம்பிச்சு 1974லயே ஓரங்கட்டிட்டாங்க, அப்புறம் ஒரு நார்வே கம்பெனி வாங்கி நார்வேன்னு பேர மாத்தி 1980லேந்து கரீபியன்ல க்ரூஸ் விட்டாங்க. அது தண்ணிக்குள்ள எவ்ளோ ஆழம் இறங்குதுன்னா, நெறைய தீவுல கரைக்கே போக முடியாது. அதனால பயணிகள இறக்கி ஏத்துறதுக்குன்னே ரெண்டு பெரிய படக கப்பல் மேலயே தூக்கிட்டு அலைஞ்சாங்க. நாம போனதும் அந்த மாதிரி ஒரு பழைய கேஸ்தான். குளிருக்கும் அலைக்கும் பயந்து மூடி மூடிக் கட்டுன கப்பல்ல போயி வெயில்ல படுக்க எடம் இல்லன்னா எங்கேந்து இருக்கும்?

இப்ப வர்றது எல்லாம் லீவுக்குன்னே வரைஞ்சு கட்டுறது. 1984ல ராயல் பிரின்சஸ்னு ஒரு கப்பல் வந்துச்சு, அதுல எல்லா கேபினும் வெளிப்பக்கம் பாத்தது, அப்ப அது பெரிய விஷயம். இப்ப பால்கனிங்கறது சாதாரணமாயிடுச்சு. காலைல காபிய எடுத்துட்டு அங்க போய் உக்காந்தா எழுந்திரிக்கவே மனசு வராது, கலாவுக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆனா எனக்கு நெஜமாவே பிடிச்சது பளபளப்பு இல்ல. 2024ல வந்த ஐகான் ஆஃப் தி சீஸ்ங்கற கப்பல்ல இருபது டெக்கு, அதாவது இருபது மாடி, 7,600 பேர் வரைக்கும் ஏத்தலாமாம், வாட்டர் பார்க்கே இருக்கு. இருக்கட்டும், நம்ம வயசுக்கு அது எதுக்கு. கண்ணுக்குத் தெரியாத எடத்துலதான் பெரிய மாத்தமே. அந்த டம்ளரயே எடுத்துக்கோ. அந்தக் காலத்துல இன்ஜின்லேந்து நீளமா ஒரு தண்டு போயி பின்னாடி ப்ரொப்பல்லர சுத்தும், அந்த அதிர்வெல்லாம் கேபினுக்கு வரும். 1998ல எலேஷன்னு ஒரு க்ரூஸ் கப்பல்ல முதல்முதலா மோட்டாரையே ஒரு கூண்டுக்குள்ள வச்சு கப்பலுக்கு வெளிய, அடியில தொங்கவிட்டாங்க, அசிபாட்னு பேரு. அந்தக் கூண்டே முழுசா ஒரு வட்டம் திரும்பும், தனியா சுக்கான் வேணாம், முன்பக்கம் கப்பல பக்கவாட்டுல தள்ளுறதுக்குன்னு இருக்கற த்ரஸ்டரும் சேந்துக்கிட்டா இழுவைப் படகு இல்லாமயே பெரும்பாலும் கரையில ஒட்டிடுவாங்க. நான் போன கப்பல்ல ராத்திரி கப்பல் ஓடுதா நிக்குதான்னே தெரியல, திரைய விலக்கிப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

ஆட்டம் பத்திக் கேட்டிருந்த, வாந்தி பயம் உனக்கு. பக்கவாட்டு ஆட்டத்தக் குறைக்க ரொம்ப வருஷமாவே முட்டி மோதியிருக்காங்கடா. 1932ல ஒரு இத்தாலிக் கப்பல்ல மூணு ராட்சச பம்பரம் மாதிரி ஜைரோஸ்கோப் வச்சுப் பாத்தாங்க, எதிர்பாத்த அளவுக்குச் சரிப்படல. அப்புறம் 1950ல சூசன்ங்கற கப்பல்ல ரெண்டு பக்கமும் மீன் துடுப்பு மாதிரி நீட்டி மடக்குற ஃபின் போட்டாங்க, இன்னிக்கு வரைக்கும் அந்த வழிதான், இப்ப கம்ப்யூட்டர் கட்டுப்பாடு சேந்திருக்கு. கூடவே சாட்டிலைட்ல வானிலை பாத்து புயல சுத்திக்கிட்டுப் போயிடுறாங்க. ஆனா ஒண்ணு, அந்தத் துடுப்பு பக்கவாட்டு ஆட்டத்தத்தான் குறைக்கும், மூக்கு ஏறி ஏறி இறங்குறத ஒண்ணும் பண்ணாது. அதனால கப்பல் நடுவுல, கீழ் டெக்கா பாத்து கேபின் எடு, அங்கதான் ஆட்டம் கம்மி.

சாப்பாட்டு விஷயம் ஞாபகம் இருக்கா? ரெண்டு பந்தி, நமக்குக் கெடச்சது முதல் பந்தி, பசியே வராத நேரத்துல போய் உக்காரணும், பயணம் முடியற வரைக்கும் ஒரே டேபிள், ஒரே ஆளுங்க. சீட்டாட்டம் பத்தியே பேசுன அந்தப் பெரியவர் பக்கத்துல உக்காந்து நீ பட்ட பாடு, அப்பப்பா. அந்தக் கட்டுப்பாட்ட 2000ல நார்வேஜியன் க்ரூஸ் லைன் உடைச்சுது, நெனச்ச நேரத்துக்கு நெனச்ச எடத்துல சாப்பிடலாம்னு. மத்தவங்களும் ஓரளவு அந்த வழிக்கே வந்துட்டாங்க. கோட்டு டையும் பல கப்பல்ல கட்டாயம் இல்ல.

இப்ப பாதுகாப்பு. இதப் படிச்சா கொஞ்சம் வருத்தப்படுவ. நீ அந்தக் கப்பல்ல மர மாடிப்படிய தடவித் தடவி ரசிச்சியே, சுவரெல்லாம் மரப் பலகை, என்னா வேலைப்பாடுன்னு. நடுக்கடல்ல தீப்பிடிச்சா அத்தனையும் விறகுடா. 2010 அக்டோபர்லேந்து கப்பலோட கட்டுமானத்துல எரியற பொருள் இருக்கக் கூடாதுன்னு சர்வதேச விதியே வந்துடுச்சு, அதோட பழைய அழகுக் கப்பல் நெறைய போயே போச்சு. அதே வருஷம் ஜூலைக்கு அப்புறம் கட்ட ஆரம்பிச்ச பெரிய பயணிகள் கப்பலுக்கு இன்னொரு விதி, ஒரு எடத்துல தீயோ வெள்ளமோ ஒரு அளவுக்குள்ள வந்தா, கப்பல் தன் சொந்த இன்ஜின்லயே துறைமுகம் திரும்பற மாதிரி இருக்கணும்.

கோஸ்டா கான்கார்டியாங்கற க்ரூஸ் கப்பல் 2012 ஜனவரில கவிழ்ந்துச்சு, 32 பேர் போயிட்டாங்க. அன்னிக்குத்தான் ஏறுன நூத்துக்கணக்கான பேருக்கு அவசர ஒத்திகையே நடக்கல, ஏன்னா 24 மணி நேரத்துக்குள்ள நடத்துனா போதும்னு அப்ப விதி. இப்ப புதுசா பயணிங்க ஏறுனா, கெளம்புறதுக்கு முன்னாடி இல்ல கெளம்புன உடனே நடத்தியாகணும். நடத்துற விதமும் மாறிடுச்சு. அப்ப லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கிட்டு வெயில்ல வரிசையா நின்னோம்ல? இப்ப பல கப்பல்ல வீடியோவ போன்லயே பாத்துட்டு, உனக்குச் சொன்ன எடத்துக்கு நேரா போய் கார்ட காட்டுனா ஸ்கேன் பண்ணிட்டு அனுப்பிடுறாங்க. சுலபம்தான், ஆனா பாதிப் பேரு வீடியோவ ஓடவிட்டுட்டு பொட்டியப் பிரிச்சுக்கிட்டு இருப்பான், அதான் எனக்கு உறுத்துது. நீ ஒழுங்கா பாரு.

உன் முட்டிக்கு நல்ல சேதி. பழைய கப்பல்ல பாத்ரூம் வாசல்ல முழங்கால் ஒசரத்துக்கு ஒரு தடுப்பு இருந்துச்சே, நான்கூட இடிச்சுக்கிட்டேன். இப்ப தடுப்பே இல்லாத, வீல்சேர் போற மாதிரி கேபின் கேட்டா தருவாங்க, ஆனா எண்ணி வச்சிருப்பாங்க, முன்னாடியே சொல்லிடணும். இன்னொண்ணு, எந்தெந்த ஊர்ல கப்பல் கரையிலயே கட்டும், எங்க சின்னப் படகுல இறங்கணும்னு கேட்டுக்கோ. ஆடுற படகுல கால் வைக்கிறது உனக்கு இப்ப வேணாம்.

நம்ம சேகர் கிட்டயும் சொல்லு. அவன் தனியா ஆனதுலேந்து எங்கயும் போறதில்ல, தனியாப் போனா ரெண்டு ஆள் காசு கேக்குறான்னு பொலம்புவான். 2010ல வந்த நார்வேஜியன் எபிக்ங்கற கப்பல்ல ஒத்தை ஆளுக்குன்னே சின்னச் சின்ன கேபின் போட்டாங்க, அப்புறம் மத்த சில கம்பெனியும் ஆரம்பிச்சிருக்கு. மூணு பேரும் சேந்து கெளம்பினா ஜோரா இருக்கும்.

குறையும் சொல்லிடறேன், இல்லாட்டி கப்பல் கம்பெனிக்காரன் காசு குடுத்தானான்னு கேப்ப. டிக்கெட்ட மலிவா காட்டிட்டு உள்ள போனதும் ஒண்ணொண்ணுக்கும் தனியா வாங்குவான், குடிக்கிறது, டிப்ஸ், வைஃபைன்னு. அந்த வைஃபை இப்ப ஸ்டார்லிங்க்னு சாட்டிலைட் இன்டர்நெட் வந்தப்புறம் நல்லாவே ஓடுது, பேரன்கிட்ட வீடியோ கால் பேசினேன், ஆனா அதனாலயே டின்னர் டேபிள்ல எல்லாரும் தலையக் குனிஞ்சுக்கிட்டு போனத்தான் பாக்குறான். நீச்சல் குளத்துப் பக்கம் விடியகாலையிலயே துண்டு போட்டு நாற்காலி புடிச்சுட்டு ஆளு தூங்கப் போயிடுது. புகையும் ஒரு பிரச்சினை, 2020லேந்து எரிபொருள்ல கந்தகம் அரை சதவீதத்துக்கு மேல கூடாதுன்னு ஆக்கிட்டாங்க, சில கப்பல் எல்என்ஜில, அதாவது திரவமாக்குன இயற்கை எரிவாயுல ஓடுது, அதுலயும் பூமிய சூடாக்குற மீத்தேன் கொஞ்சம் எரியாம வெளிய போகுது. வெனிஸ்ல 2021லேந்து பெரிய கப்பல ஊருக்கு நடுவுல விடறதே இல்ல. சரியான முடிவுன்னுதான் நான் சொல்லுவேன், அந்த ஊர்க்காரன் என்ன பாவம் பண்ணான்?

நீ போறதா இருந்தா ரொம்பப் பெருசும் வேணாம், ரொம்பப் பழசும் வேணாம், நடுத்தரமா ஒண்ணு எடு. கெளம்புற துறைமுகத்துக்கு ஒரு நாள் முன்னாடியே போயிடு, விமானம் லேட்டானா கப்பல் உனக்காக நிக்காது. டாக்டர்கிட்ட எப்ப போலாம்னு கேட்டுட்டு எழுது. பணம் கட்டறதுக்கு முன்னாடி கேபின் நம்பர எனக்கு அனுப்பு, டெக் ப்ளான்ல மேல டான்ஸ் ஃப்ளோர் கீது இருக்கான்னு பாத்துச் சொல்றேன்.

கலாவக் கேட்டதா சொல்லு.

உன்
ரகு