குளத்துக் கணக்கு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை. பிசானப் பயிர் கதிர் வாங்கிவிட்டது.

போன வாரம் போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன், லைன் விட்டு விட்டுக் கேட்டது. "ரிட்டையர் ஆன பிறகு பேசாமல் வீட்டில் இருக்காமல், குளத்தங்கரையில் கொக்கு எண்ணிக்கொண்டு அலைவதற்கு யாரம்மா காசு தருகிறார்கள்?" என்றாய். யாரும் தரவில்லை ஐயா. காலையில் டீயும் வடையும் கிடைக்கும், அவ்வளவுதான். ஆனால் நீ நினைக்கிற மாதிரி பொழுது போகாமல் செய்கிற வேலை இல்லை இது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தாமிரபரணிக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 2011-ல் ஆரம்பித்தது. மணிமுத்தாறில் இருக்கிற அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் முன்னால் நின்று நடத்துகிறது. தூத்துக்குடி, நெல்லைப் பக்கத்து இயற்கை அமைப்புகளும் சேர்ந்துகொள்கின்றன. பொங்கல் முடிந்து ஜனவரி கடைசியில், ஒரு வார இறுதியில் நடக்கும். கல்லூரிப் பிள்ளைகள், வாத்தியார்கள், பேங்க் வேலைக்காரர்கள் வருவார்கள். எங்களைப் போல ஊர்க்காரர்களும் உண்டு. ஆள்களைக் குழு குழுவாகப் பிரித்து, இந்தக் குழுவுக்கு இந்தக் குளங்கள் என்று கொடுத்துவிடுவார்கள். நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மூன்று மாவட்டத்திலும் அந்த நாள்களில் ஒரே சமயத்தில் எண்ணுவோம்.

ஒரே சமயத்தில் ஏன் என்றால், நம் குளங்கள் தனித்தனி இல்லை. எட்டு அணைக்கட்டு, அதிலிருந்து கால்வாய், கால்வாயிலிருந்து குளம், அந்தக் குளம் நிரம்பி மறுகாலில் வழிகிற தண்ணீர் அடுத்த குளத்துக்கு. உனக்குத் தெரியாததா? பறவையும் அந்தக் கணக்கில்தான் நடமாடுகிறது. ஒரு குளம் கரை முட்ட நிரம்பினால் ஆழம் கூடிவிடும். நாரைக்குக் கால் ஊன்ற இடம் இருக்காது. அது கீழே வற்றிக்கொண்டிருக்கிற குளத்துக்குப் போய்விடும். அங்கே வாத்துக்கு வேலை இல்லை, அது மேலே வந்துவிடும். நம் குளத்தை மட்டும் எண்ணிவிட்டு நாரை குறைந்துபோச்சு என்று ஒப்பாரி வைத்தால் அதற்கு அர்த்தமே கிடையாது.

எண்ணுவது எப்படி என்று கேட்டாயே, அதைச் சொல்கிறேன். விடிந்ததும் வெயில் முதுகில் படுகிற மாதிரி கிழக்குக் கரையில் போய் நிற்க வேண்டும். எதிர் வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். ஒருவர் பைனாகுலரில் பார்த்துச் சொல்ல, ஒருவர் எழுத வேண்டும். ஐம்பது அறுபது என்றால் ஒவ்வொன்றாக எண்ணலாம். ஊசிவால் வாத்தும் நாமக்கோழியும் தண்ணீர் தெரியாமல் அடைந்து கிடந்தால் என்ன செய்வது? முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொள்ள வேண்டும். அப்புறம் அந்த அளவைக் கூட்டத்தின் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வைத்துக்கொண்டே போக வேண்டும். படித்த பிள்ளைகள் இதில் திணறினார்கள். எனக்குச் சிரமமே இல்லை. சத்துணவுப் பந்தியில் ஓடுகிற பிள்ளைகளை இத்தனை வருஷம் எண்ணிய கண் ஐயா இது! நடுவில் பருந்து ஒன்று தாழப் பறந்தால் போச்சு, மொத்தமும் கிளம்பிவிடும். உட்காருகிற வரை காத்திருந்து முதலிலிருந்து எண்ண வேண்டியதுதான்.

பறவைக்கு மட்டும் இல்லை, தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது, வேலிக்கருவை எந்தப் பக்கம் ஏறியிருக்கிறது, ஆகாயத்தாமரை உண்டா, குப்பை எங்கே கொட்டியிருக்கிறார்கள், வலை கட்டியிருக்கிறார்களா என்று எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதுகிற தாளில் தனித்தனிக் கட்டம் இருக்கிறது. ஒன்றும் இல்லாத குளத்துக்கும் போய் 'இல்லை' என்று எழுதிவிட்டு வர வேண்டும். 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததே, அதற்கு அடுத்த ஜனவரியில் எத்தனை குளம் காய்ந்து ஆடு மேய்ந்தது! அந்த 'இல்லை' எழுதி இருந்தால்தான் பிறகு வந்ததை எதோடாவது வைத்துப் பார்க்க முடியும். சத்துணவுப் பதிவேட்டில் ஏறாத முட்டைக்கு நான் என்றைக்காவது கணக்குக் காட்டியிருக்கிறேனா?

நம் குளத்து மீன் குத்தகை எடுத்திருக்கிறவர் உனக்கு மாமா முறை. ஆளை உனக்குத் தெரியும், பேர் வேண்டாம். கூழைக்கடா வந்து இறங்கினால் வெடி போடுவார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ரொக்கமாகக் காசு கட்டி, குஞ்சு வாங்கி விட்டிருக்கிறார், வயிறு எரியத்தானே செய்யும்? ஆனால் வெடிச் சத்தத்தில் கூழைக்கடா மட்டுமா போகிறது, மருதமரத்தில் கூடு வைத்திருக்கிற நாரையும் முட்டையை விட்டுவிட்டு எழும்புகிறது. காக்கை அதற்கென்றே காத்திருக்கும். எங்கள் குழுவில் வருகிற பிள்ளைகள் நம் குளத்துத் தாள்களை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுத் திண்ணைக்கே போனார்கள். நானும் போனேன். கூட்டத்தில் பெரும்பங்கு நாமக்கோழியும் வாத்தும், அவை பாசியும் விதையும் தின்கிறவை. நத்தைகுத்தி நாரைக்கு நத்தை போதும். மீனுக்கு வருவது கூழைக்கடா, நீர்க்காகம், பாம்புத்தாரா, சங்குவளை நாரை, இப்படிச் சிலதுதான் என்று வரி வரியாகக் காட்டினார்கள்.

"அந்த நீர்க்காகம் ஒன்று போதாதா என் குடியைக் கெடுக்க?" என்றார். அதுவும் நியாயம்தான்.

கடைசியில் மேலக்கரை மருதமரங்கள் பக்கம் வெடி போடுவதில்லை என்றும், குஞ்சு பெரிதாகிற வரை ஒரு மூலையில் வலை மூடி வளர்ப்பது என்றும் ஒத்துக்கொண்டார். முழுச் சமாதானம் என்று சொல்லமாட்டேன், எப்போதாவது ஒரு சத்தம் கேட்கத்தான் செய்கிறது. ஆனால் தாள் இல்லாமல் போயிருந்தால் எங்களைத் திண்ணையில் உட்காரவே சொல்லியிருக்க மாட்டார். கரையில் குப்பை கொட்டியதற்கு ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்தபோதும் அப்படித்தான். பல பேர் வாயால் சொன்னபோது தலையைக்கூட நிமிர்த்தாத மனிதர், தேதியும் இடமும் போட்ட தாளைப் பார்த்துவிட்டு நாற்காலியைக் காட்டினார். குப்பை நின்றது. இப்போது வேறு கரையில் கொட்டுகிறார்கள் என்பது வேறு விஷயம்!

நாங்கள் புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. திருப்புடைமருதூரில் கோயிலைச் சுற்றியுள்ள மரங்களில் கூடு வைக்கிற பறவைகளை ஊர்க்காரர்களே காத்தார்கள், 2005-ல் அரசு அதைக் காப்பிடமாக அறிவித்தது. கூந்தன்குளத்துக்கு உன்னைச் சின்னப் பிள்ளையில் கூட்டிப்போனோமே, ஞாபகம் இருக்கிறதா? அங்கே வீட்டுக் கொல்லை மரத்திலேயே சங்குவளை நாரை கூடு கட்டும். தீபாவளிக்கும் வெடி கிடையாது. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளுக்கு மீன் ஊட்டி வளர்த்த பால்பாண்டி அந்த ஊர் ஆள்தான். 2022-ல், உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளுக்கான ராம்சார் பட்டியலில் அந்தக் குளம் சேர்ந்தது என்று பேப்பரில் பெரிதாகப் போட்டார்கள். சேர்ந்தது பெருமைதான். அதற்கு எத்தனையோ காலம் முன்பே எச்ச நாற்றத்தைச் சகித்துக்கொண்டு அந்த மரத்தை வெட்டாமல் விட்ட பெண்கள் பேர் ஒரு பேப்பரிலும் வரவில்லை.

2023 டிசம்பர் வெள்ளத்தைத்தான் இன்னும் மனசு மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. நீ அங்கே தூங்காமல் போன் பண்ணிக்கொண்டே இருந்தாய். கீழே எத்தனை குளங்கள் உடைந்தன! வெள்ளம் வடிந்த பிறகு கரை உடைந்த ஒரு குளத்துக்குப் போனோம். தண்ணீர் ஓடிப்போய் சேறு மட்டும் கிடந்தது. அந்தச் சேற்றில் சின்னச் சின்ன உள்ளான்கள் கொத்திக்கொண்டு திரிந்தன, முன்பு அந்தக் குளத்தில் நான் பார்த்ததே இல்லை. கரையில் நின்ற விவசாயி ஒருவர் பயிர் போன துக்கத்தில் பேசவே இல்லை. அவர் முன்னால் பைனாகுலரைத் தூக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவரே கொஞ்ச நேரம் கழித்து, "அந்தா, அந்தப் பக்கமும் கிடக்கு, அதையும் எழுதுங்க" என்றார். எழுதினோம்.

சரி, உன் பயத்துக்கு வருகிறேன். கரையில் வழுக்கி விழுந்தால் யார் தூக்குவது என்றாய். என்னைத் தனியாக விடமாட்டார்கள், எப்போதும் இரண்டு பிள்ளைகள் கூட இருப்பார்கள். கைத்தடியும் வைத்திருக்கிறேன். அப்பாவும் இந்த வருஷம் எழுதுகிற வேலைக்கு வருகிறார். அவர் கையெழுத்தை யார் படிப்பது என்பதுதான் கவலை.

நீ பொங்கலுக்கு லீவு கேட்டிருக்கிறாய் இல்லையா, முடிந்தால் பத்து நாள் தள்ளிக் கேள். கணக்கெடுப்புக்கும் இருந்துவிட்டுப் போகலாம். பேத்தியையும் கூட்டி வா, பட்டைத்தலை வாத்தைக் காட்டுகிறேன். திபெத், மங்கோலியா பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலையைத் தாண்டி நம்ம ஊர்ப் பக்கம் வருகிறது, அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்ல ஒரு கதை ஆச்சு. வரும்போது அங்கே மலிவாகக் கிடைத்தால் 8x42 பைனாகுலர் ஒன்று வாங்கி வா. இப்போது இருப்பதை மூன்று பேர் மாற்றி மாற்றிப் பார்க்கிறோம். விலை அதிகமென்றால் வேண்டாம், பாதாம் பருப்பு மட்டும் போதும்.

அன்புடன்,
அம்மா