டம்ளரைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளைப் போடுங்கள்

தமிழ்ப் படத் தயாரிப்பாளர்களுக்கு வணக்கம்.

சினிமா பார்க்கும்போது கதையோடு சேர்த்து நாயகனின் சட்டைப் பொத்தானையும் பார்த்துத் தொலைக்கிற ரகம் நான். பக்கத்து சீட்டுக்காரர்களுக்கு என்னால் தொல்லைதான். போன ஷாட்டில் இடது புருவத்துக்கு மேல் இருந்த பிளாஸ்திரி இந்த ஷாட்டில் வலது பக்கம் போய்விட்டது என்று முணுமுணுத்தால், "பேசாம படத்தைப் பாரு" என்று அதட்டு விழும். மதுரையில் டி.என். 58 என்ற எண்ணோடு கிளம்பிய கார், திண்டுக்கல் தாண்டுவதற்குள் சென்னை டி.என். 09 ஆகிவிடும். வாய்ச்சண்டை தொடங்கும்போது சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றரை. நாயகன் நாலு வார்த்தை பேசி முடிப்பதற்குள் மூன்றே கால். மழையில் தொப்பலாக நனைந்து வீட்டுக்குள் நுழைகிற நாயகியின் தலைமுடி, கதவைச் சாத்தியதும் காய்ந்திருக்கும்.

இதையெல்லாம் பட்டியல் போட்டு உங்களைக் கேலி செய்ய ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு ஒரே ஒரு கோரிக்கைதான். படப்பிடிப்பில் கன்டின்யூட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் எல்லாம் மாறாமல் தொடர்கிறதா என்று பார்ப்பதற்கென்று, வேறு எந்த வேலையும் தலையில் கட்டாமல், ஒருவரைச் சம்பளம் கொடுத்து வையுங்கள். இதை இயக்குநர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம், ஆள் வைப்பதா வேண்டாமா என்பது கடைசியில் பட்ஜெட் தாளில் முடிவாகிற விஷயம் என்பதால்.

ஒரு எளிய காட்சியை எடுத்துக்கொள்வோம். அம்மா காபி கொண்டுவந்து தருகிறார். மகன் குடித்துக்கொண்டே, வேலையை விட்டுவிட்டதாகச் சொல்கிறான். திரையில் இரண்டு நிமிடம். எடுக்க அரை நாளுக்கு மேல் ஆகும். முதலில் இருவரும் தெரிகிற மாதிரி வைட் ஷாட். அப்புறம் அம்மாவின் தோளுக்குப் பின்னாலிருந்து மகன் முகம். மகன் பக்கத்து ஷாட்களையெல்லாம் முடித்த பிறகுதான் லைட்டை மாற்றி அம்மா பக்கம் வருவார்கள். வரிக்கு வரி லைட்டைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாதே. நடுவில் சாப்பாட்டு பிரேக். ஆக, "வேலையை விட்டுட்டேம்மா" என்று மகன் சொல்வது காலை பத்து மணிக்கு. அதைக் கேட்டு அம்மா திகைத்துப் போவது மதியம் இரண்டு மணிக்கு.

காலையில் இருந்த காபி ஆறிப்போய், கொட்டி, புதுக் காபி வந்திருக்கும். நுரை வேறு, அளவு வேறு. "விட்டுட்டேன்" என்கிற இடத்தில் டம்ளர் உதட்டருகே இருந்ததா, டவராவில் இருந்ததா? எந்தக் கையில்? அம்மாவின் தாலிச் சரடு வெளியே தெரிந்ததா, ரவிக்கைக்குள் இருந்ததா? முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாரா? இத்தனைக்கும் பதில் தெரிந்த ஒருவர் மதியம் இரண்டு மணிக்கு அங்கே இருந்தாக வேண்டும்.

ஒரே நாளில் எடுக்கிற காட்சிக்கே இந்தப் பாடு. அதே மகன் கோபமாகக் கதவைத் திறந்து தெருவில் இறங்குகிற ஷாட்டை மூன்று மாதம் கழித்து எடுப்பீர்கள். வீடு சென்னையில் போட்ட செட், தெரு காரைக்குடியில். அதற்குள் நடிகர் இன்னொரு படத்துக்காகத் தாடியை மழித்திருப்பார். ஒட்டுத்தாடிகளைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

சரி, இப்போது இதை யார் பார்க்கிறார்கள்? உதவி இயக்குநர்களில் ஒருவர், பெரும்பாலும் கடைசியாக வந்து சேர்ந்தவர். கிளாப் அடிப்பதும் அவர்தான், பின்னால் நடந்து போகிற கூட்டத்தை ஏவுவதும் அவர்தான். நாயகிக்குத் தமிழ் தெரியாதென்றால், கேமராவுக்குக் கீழே குந்தி உட்கார்ந்து வசனத்தை வரி வரியாக ப்ராம்ப்ட் செய்வதும் அவர் தலையில் விழும். கண் வசனத் தாளில் இருக்கும்போது டம்ளர் எந்தக் கைக்குப் போனது என்று அவர் எப்படிப் பார்ப்பார்? போனில் எடுத்துவைத்த போட்டோக்கள் உண்டு. காஸ்ட்யூமரிடமும் மேக்கப்காரரிடமும்கூட உண்டு. ஷாட்டுக்கு முன்பும் பின்பும் எப்படி இருந்தது என்பதை அவை காட்டும். எந்தச் சொல்லில் எந்தக் கை உயர்ந்தது என்பது போட்டோவில் வராது. மானிட்டரில் ஓட்டிப் பார்க்கலாம். வெளிச்சம் போய்க்கொண்டிருக்கும்போது யார் ஓட்டிப் பார்க்கிறார்கள்?

ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தாலும் பெரிய நடிகரிடம் போய், "சார், காலையில வலது கைல வச்சிருந்தீங்க" என்று சொல்ல அந்தப் பையனுக்குத் துணிச்சல் வர வேண்டும். வந்தாலும், "எனக்குத் தெரியாதா?" என்று ஒரு பார்வை பார்த்தால் முடிந்தது. பதவி இல்லாதவர் சொல்கிற திருத்தத்துக்கு செட்டில் மதிப்பில்லை. நான் ஆளோடு பதவியையும் சேர்த்துக் கேட்பது இதனால்தான்.

ஹாலிவுட்டில் ஸ்டூடியோக்கள் கொடிகட்டிப் பறந்த காலத்திலிருந்தே இது தனி வேலை. அப்போது பெரும்பாலும் பெண்களே பார்த்தார்கள். 'ஸ்கிரிப்ட் கேர்ள்' என்று அழைத்தார்கள். இப்போது ஸ்கிரிப்ட் சூப்பர்வைசர் என்கிறார்கள். பிரிட்டனைச் சேர்ந்த ஏஞ்சலா ஆலன், இயக்குநர் ஜான் ஹ்யூஸ்டனோடு பல படங்களில் இந்த வேலையைச் செய்தவர். 1951இல் வந்த 'தி ஆப்பிரிக்கன் குயீன்' அவற்றில் ஒன்று. ஒரு ஓட்டைப் படகு, அதில் நனைந்தும் சேறு பூசியும் கிடக்கிற இரண்டு பேர். சில காட்சிகளை ஆப்பிரிக்க ஆற்றில் எடுத்தார்கள், சிலவற்றை லண்டன் ஸ்டூடியோவில் தண்ணீர் நிரப்பி எடுத்தார்கள். கண்டம் மாறினாலும் சட்டையின் ஈரமும் முகத்தின் அழுக்கும் மாறக் கூடாது. பையனிடம் போனைக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்கிற வேலையா அது?

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பதும் தெரியும். "ரசிகன் இதையெல்லாம் கவனிக்கிறதே இல்லை." பெரும்பாலும் உண்மைதான். டேனியல் லெவின், டேனியல் சைமன்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1997இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டு பெண்கள் மேசையில் உட்கார்ந்து பேசுகிற சின்னப் படம். ஒரு ஷாட் வெட்டி அடுத்த ஷாட் வருகிற ஒவ்வொரு இடத்திலும் வேண்டுமென்றே எதையாவது மாற்றிவைத்தார்கள். கழுத்துத் துணி காணாமல் போகும், தட்டின் நிறம் மாறும். பார்த்தவர்களில் கிட்டத்தட்ட யாருமே கவனிக்கவில்லை. இன்னொரு படத்தில் நடிப்பவரையே பாதியில் மாற்றினார்கள். அதையும் பெரும்பான்மையோர் கண்டுபிடிக்கவில்லை.

எடிட்டர் வால்டர் மர்ச் இதைக் கணக்காகவே போட்டிருக்கிறார். ஒரு வெட்டு சரியா என்று பார்க்கும்போது உணர்ச்சிக்கு 51 சதவீதம், கதைக்கு 23 சதவீதம். யார் எங்கே நிற்கிறார் என்கிற இடத்தொடர்ச்சிக்கு வெறும் 4 சதவீதம். ஹிட்ச்காக்கின் 'நார்த் பை நார்த்வெஸ்ட்' (1959) படத்தில், துப்பாக்கி வெடிப்பதற்கு முன்பே பின்னால் உட்கார்ந்திருக்கும் சிறுவன் காதைப் பொத்திக்கொள்கிறான். அதனால் அந்தப் படத்தின் பெருமை ஒரு துளியும் குறையவில்லை.

ஆகவே, என் கண்ணில் படுகிற பிழைகளுக்காக நான் வருத்தப்படுவதில்லை. டம்ளர் கை மாறியது தெரிந்தும் ஒரு எடிட்டர் அந்த டேக்கை வைத்திருக்கிறார் என்றால், அதில் நடிப்பு நன்றாக இருந்திருக்கும். அவர் செய்ததே சரி. என் கவலை, அவர் வைக்க முடியாமல் போனவற்றைப் பற்றி. அந்தக் காபிக் காட்சிக்கே வாருங்கள். அம்மாவாக நடிக்கும் மூத்த நடிகை நாலாவது டேக்கில் ஒன்று செய்கிறார். வசனத்தை விழுங்கிவிட்டு, மகன் கையிலிருந்த டம்ளரை வாங்கி, முந்தானையால் அதன் விளிம்பைத் துடைக்கிறார். எல்லோரும் அசந்துபோகிறார்கள். எடிட்டிங் மேசைக்கு வந்து பார்த்தால், வைட் ஷாட்டிலும் மகனின் குளோசப்பிலும் டம்ளர் அவன் கையில் இல்லை, ஏற்கெனவே மேசையில் இருக்கிறது. ஒட்டவே ஒட்டாது. வேறு வழியில்லாமல் இரண்டாவது டேக்கைப் போடுகிறார்கள். எழுதிய வசனத்தை எழுதியபடி ஒப்பிக்கிற டேக். படத்தில் பிழை எதுவும் இருக்காது. நானும் எதையும் கண்டுபிடிக்க மாட்டேன். நாங்கள் எதை இழந்தோம் என்பதே தியேட்டரில் யாருக்கும் தெரியாது.

நாலாவது டேக் முடிந்த அந்த நிமிடத்தில், மானிட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், "டைரக்டர் சார், இது வேணும்னா பையனோட குளோசப்பை டம்ளர் கைல இருக்கிற மாதிரி இன்னொண்ணு எடுத்துடலாம்" என்று சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்பவருக்குத்தான் நான் சம்பளம் கேட்கிறேன்.

"கிராபிக்ஸில் சரிபண்ணிக்கலாம்" என்ற பதிலும் தயாராக இருக்கும். 2019இல் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரில் விருந்து மேசையில் மறந்து விட்டுப்போன காகிதக் கோப்பையை ஒளிபரப்புக்குப் பிறகு அழித்தார்கள். மேசையில் சும்மா கிடந்த கோப்பை அது. நடிகையின் முகத்துக்கு முன்னால், முந்தானைக்கும் விரலுக்கும் நடுவில் அசைகிற டம்ளரை அழிக்க என்ன பில் வரும் என்று உங்கள் வி.எஃப்.எக்ஸ். ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள். கையோடு கையாக, போன படத்தில், விட்டுப்போன ஷாட்களைத் திரும்ப எடுக்கிற பேட்ச் ஒர்க்குக்கு எவ்வளவு போனது என்றும் கணக்குப்பிள்ளையிடம் கேட்டுவிடுங்கள்.

அந்த நபர் படப்பிடிப்புக்கு முன்பே வர வேண்டும். திரைக்கதையைக் கதையில் வருகிற நாள் கணக்கில் பிரித்து, எந்த நாளில் காயம் புதிது, எந்த நாளில் தையல் பிரித்தது என்று எழுதிவைத்துக்கொள்ள அவருக்கு நேரம் வேண்டும். செட்டில் அவரைக் கூட்டம் கூப்பிட அனுப்பக் கூடாது. எந்தச் சங்கத்தில் கார்டு என்ற பேச்சு கட்டாயம் வரும். இயக்குநர் சங்கத்தோடும் சினிமாத் தொழிலாளர் சங்கங்களின் கூட்டமைப்பான பெப்சியோடும் உட்கார்ந்து பேசினால் தீராத விஷயமல்ல அது. பெரிய ஹீரோ படத்தில் தொடங்கவும் வேண்டாம். நாலு பேர் ஒரு வீட்டுக்குள் பேசிக்கொண்டே இருக்கிற நடுத்தர பட்ஜெட் படம் ஒன்றில் வைத்துப் பாருங்கள், எடிட்டரே வந்து உங்களுக்கு நன்றி சொல்வார்.

அவர் பெயரைத் தொடக்க டைட்டிலிலேயே போட்டுவிடுங்கள். கடைசியில் ஓடுகிற பட்டியலில் போட்டால் யாரும் படிக்க முடிவதில்லை. எங்கள் ஊர் தியேட்டரில் அதற்குள் லைட்டைப் போட்டு, பெருக்குமாறோடு ஆள் வந்துவிடுகிறார்.

இப்படிக்கு,
முதல் வாரமே டிக்கெட் வாங்கும் ஒரு ரசிகன்