ஞாயிறு திரையிடல்: ஆனா மரிஸ்கல்

நண்பர்களே, வரும் ஞாயிறு மாலை 6 மணிக்கு ஆனா மரிஸ்கல் இயக்கிய ஸ்பானியப் படம் 'எல் கமினோ' (1963) பார்க்கிறோம்.

சர்வாதிகாரி பிராங்கோ ஆட்சியில் ஸ்பெயினில் கல்யாணமான பெண் வேலைக்குச் சேரவே கணவரின் அனுமதி வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் நட்சத்திர நடிகையான ஆனா மரிஸ்கல் சொந்தமாகத் தயாரிப்பு நிறுவனம் தொடங்கி, இயக்குநரானார். 1953-இல் வந்த முதல் படத்தை மாட்ரிட் தெருக்களில் இறங்கி எடுத்தார். அதில் நோயாளிப் பெண்ணாக நடித்ததும் அவரே.

'எல் கமினோ' படிப்புக்காக ஊரை, கூட்டாளிகளை விட்டுக் கிளம்ப வேண்டிய சிறுவனின் கதை. வந்த புதிதில் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 2021-இல் கான் திரைப்பட விழாவில், பழைய படங்களுக்கான கிளாசிக்ஸ் பிரிவில் திரையிட்டார்கள். அதைப் பார்க்க மரிஸ்கல் இல்லை, 1995-லேயே காலமாகிவிட்டார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அப்புறம், வருகிறவர்கள் சனிக்கிழமைக்குள் இங்கேயே சொல்லிவிடுங்கள். பிள்ளைகளையும் அழைத்து வரலாம்.