புரோட்டான் எந்தத் திசையிலிருந்து வருகிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

புற்றுநோய்க் கட்டியைப் புரோட்டான் துகள்களின் கற்றையால் தாக்கும் சிகிச்சை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை எளிமையாக இருந்தது. சென்னை தரமணியில் 2019-இல் தென்னாசியாவின் முதல் புரோட்டான் மையம் தொடங்கியதையும் மறக்காமல் சொல்லியிருந்தீர்கள். ஆனால், கற்றை கட்டிக்குள் போய்ச் சரியாக நின்றுவிடும் என்பதோடு விஷயத்தை முடித்துவிட்டீர்களே! கதிர்வீச்சுப் பிரிவில் இயற்பியலாளராகப் பல வருடம் பிளான் (யாருக்கு எப்படிக் கதிர் பாய்ச்சுவது என்ற திட்டம்) போட்டவன் நான். கற்றையை எந்தத் திசையிலிருந்து அனுப்புவது என்ற எங்கள் தலைவலி அங்கேதான் ஆரம்பம்.

நிற்பது உண்மைதான். எக்ஸ் கதிர் உடம்பைத் துளைத்து மறுபக்கம் வெளியேறும். புரோட்டானோ தன் ஆற்றலில் பெரும்பங்கைப் பயணத்தின் முடிவில் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வில்சன் 1946-லேயே இதைச் சுட்டிக்காட்டிவிட்டார். ஆனால் எந்த இடத்தில் ஓயும் என்பதை சி.டி. ஸ்கேனை வைத்துக் கணக்குப் போட்டுத்தான் சொல்கிறோம். அந்தக் கணக்கில் சுமார் 3.5 சதவீதம் பிழைக்கு இடம் விடுவது வழக்கம். 20 செ.மீ. ஆழத்தில் அது 7 மி.மீ.

ப்ராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே உள்ள சுரப்பி) புற்றுநோயை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கமிருந்து அனுப்பினால் தூரம் குறைவு. ஆனால் கற்றை நிற்க வேண்டிய இடத்துக்கு நேர் பின்னால் மலக்குடல் இருக்கிறது. சிறுநீர்ப்பை ஒருநாள் நிரம்பியும் ஒருநாள் பாதியாகவும் இருந்தால் தூரக் கணக்கே மாறிவிடும். அதனால்தான் இடுப்பின் இரு பக்கங்களிலிருந்தும், தொடை எலும்பின் தலைப்பகுதி வழியாக, நீண்ட பாதையில் அனுப்பும் முறை பரவலாக இருக்கிறது. பார்ப்பவருக்கு வீண் சுற்றாகத் தெரியும். ஆனால் கற்றை கொஞ்சம் கூடக்குறைய ஓடினாலும் அந்தத் தவறு இடம் வலமாகப் போகும், மலக்குடல் தப்பிக்கும்.

தலையிலும் இதே கதைதான். சைனஸ் குழிகளில் சளி அடைத்திருக்கும் நாளுக்கும் வடிந்த நாளுக்கும் கற்றை ஓடும் தூரம் வேறுபடும். அந்த வழியை முடிந்தவரை தவிர்ப்போம். மூளைத்தண்டை நேருக்கு நேர் பார்த்தபடி வந்து அதன் வாசலில் நிற்கும் கற்றை இன்னும் ஆபத்து. பாதையின் கடைசி மில்லிமீட்டர்களில் புரோட்டானின் உயிரியல் பாதிப்பு கூடும்.

கணினியிடம் விட்டுவிட வேண்டியதுதானே என்பார்கள். 5 பாகைக்கு ஒன்றாக 72 திசைகள் வைத்து அவற்றில் மூன்றைத் தேர்ந்தெடுக்கவே 59,640 வழிகள். படுக்கையையும் திருப்பினால் எண்ணிக்கை எங்கோ போய்விடும். இதற்கு மென்பொருள்கள் வந்துகொண்டிருக்கின்றன. ஆனால் பல இடங்களில் இன்றும் அனுபவசாலிதான் இரண்டு முதல் நான்கு திசைகளை முடிவு செய்கிறார். ஒவ்வொரு புள்ளிக்கும் எவ்வளவு டோஸ் (கதிரின் அளவு) என்பதைக் கணினி பார்த்துக்கொள்கிறது. கேன்ட்ரி (நோயாளியைச் சுற்றித் திரும்பும் இயந்திர அமைப்பு) சுற்றிக்கொண்டே கதிர் பாய்ச்சும் முறை பரவலானால் திசைப் பிரச்சினை தீரும் என்பதில் எனக்கு முழு உடன்பாடில்லை. திசைகள் கூடக்கூட, நல்ல திசுக்களில் கூடுதல் பகுதிக்குக் கொஞ்சம் கொஞ்சமாவது கதிர் படும். குழந்தைகளிடம் அதை அலட்சியம் செய்ய முடியாது.

இயந்திரத்தின் விலைக்கு ஒரு பத்தி ஒதுக்கிய நீங்கள், அடுத்த முறை ஒரு பிளான் எப்படி உருவாகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதச் சொல்லுங்கள். நோயாளியின் வீட்டாரும் எந்தெந்தத் திசையிலிருந்து, ஏன் என்று தயங்காமல் கேட்கலாம். திரையில் படமாகவே காட்டி விளக்கக்கூடிய விஷயம்தான் அது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவ இயற்பியலாளர்,
திருச்சி.