பத்து வருடப் பகைக்கு ஏன் இந்த ஞாயிற்றுக்கிழமை?

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் வெப் சீரிஸின் கதைச் சுருக்கத்தையும் முதல் ஆறு எபிசோடின் திரைக்கதையையும் படித்து முடித்தேன். ஊரும் பேச்சும் சீட்டுக் கம்பெனியின் உள்விவகாரமும் நன்றாக வந்திருக்கின்றன. இடறுவது கொலையாளியிடம்தான். சீட்டு நடத்தும் முதலாளியை அவருடைய கூட்டாளியே கொன்று கிணற்றில் போடுகிறான். பத்து வருடத்துக்கு முன் கல்யாண வீட்டில் பட்ட அவமானம்தான் காரணம் என்று எட்டாவது எபிசோடில் ஃபிளாஷ்பேக் வரப்போகிறது. பத்து வருடம் பொறுத்தவன் இந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஏன் பொறுக்கவில்லை?

ஏன் இவரை, ஏன் இன்று, ஏன் இந்த விதமாக என்று மூன்று கேள்விக்கும் பதில் இருந்தால்தான் கொலைக்கான நோக்கம் முழுமையாகும். நீங்கள் முதல் கேள்வியோடு நிறுத்திவிட்டீர்கள். இரண்டாவதற்கான பதில் உங்கள் கையிலேயே இருக்கிறது. திங்கட்கிழமை ஆடிட்டர் கணக்குப் பார்க்க வருகிறார் என்று இரண்டாவது எபிசோடில் ஒரு வசனம் வந்து, அப்படியே மறைந்துபோகிறது. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். 20 பேர், மாதம் 5,000 ரூபாய், ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. கூட்டாளி மூன்று பினாமிப் பெயர்களைச் சேர்த்து, முதல் மூன்று மாதச் சீட்டையும் தானே ஏலம் எடுத்துவிட்டு, அப்புறம் தவணை கட்டாமல் விட்டிருக்கட்டும். மாதாமாதம் 15,000 துண்டு விழும். பேரேட்டைப் பிரித்த அரை மணி நேரத்தில் ஆடிட்டருக்குத் தெரிந்துவிடும். இப்போது கொலைக்கு ஒரு கெடு வந்துவிட்டது. பழைய அவமானத்தைத் தூக்கிப்போட வேண்டாம். கணக்கை ஒத்துக்கொண்டு முதலாளி காலில் விழாமல் அவனைத் தடுத்தது அதுதான்.

மூன்றாவது கேள்விக்கும் இங்கேயே விடை இருக்கிறது. முதலாளி தற்கொலை செய்துகொண்டதாகத் தெரிந்தால் பணம் குறைந்த பழி செத்தவர் தலையில் விழும். அதனால்தான் கிணறு. ஆனால் உங்கள் காட்சியில் அவன் இரும்புத் தடியைக் கையோடு கொண்டுவந்து பின்மண்டையில் அடிக்கிறான். தற்கொலையாகக் காட்ட நினைப்பவன் தடியோடு வர மாட்டான். பேசிக்கொண்டே தள்ளிவிட வந்தான், அவர் சட்டென்று திரும்பி மடக்கினார், கைக்குக் கிடைத்தது மோட்டார் கொட்டகையில் கிடந்த தடி என்று மாற்றுங்கள். விழும்போது கிணற்றுச் சுவரில் மோதிய காயம் என்று நினைப்பார்கள் என அவன் நம்பட்டும். மூக்கு, வாயில் வெண்ணுரை இல்லாததும், எலும்பு மஜ்ஜையில் டயாட்டம் என்ற நுண்பாசி சிக்காததும் தண்ணீரில் விழும்முன்பே உயிர் போயிருக்கலாம் என்ற சந்தேகத்தை டாக்டருக்குக் கொடுக்கும் என்பது சீட்டுக் கம்பெனிக்காரனுக்குத் தெரியாது.

எழுதும்போது பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கட்டும். ஐந்து பத்தி: மணி, இடம், நடந்தது, அது யாருக்குத் தெரியும், தெரியாதவர்கள் என்ன நம்புகிறார்கள். முதலில் கொலையாளியின் மூன்று நாளை மட்டும் இதில் எழுதுங்கள், காட்சி பிரிக்காமல். கடைசி இரண்டு பத்திதான் முக்கியம். ஆறாவது எபிசோடில் முதலாளியின் மனைவி "தடியால அடிச்சிருக்கானே" என்று அழுகிறார். அதுவரை போலீஸ் தடியைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. இது துப்பாக இருந்தால் அடுத்த காட்சியிலேயே இன்ஸ்பெக்டர் அவரை உட்கார வைத்து விசாரிக்க வேண்டும். துப்பு இல்லையென்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். இப்போதெல்லாம் பார்க்கிறவர்கள் நிறுத்தி, பின்னால் ஓட்டிப் பார்க்கிறார்கள்.

போலீஸ் பக்கம் சில திருத்தங்கள். கதை 2023இல் நடக்கிறது, ஆனால் எஃப்.ஐ.ஆரில் கொலைக்கு பி.என்.எஸ். (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டம்) 103 என்று இருக்கிறது. புதிய சட்டங்கள் 2024 ஜூலை 1 முதல்தான் அமல். எனவே முதலில் அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான சி.ஆர்.பி.சி. 174இன் கீழ் சந்தேக மரணம், போஸ்ட்மார்ட்டம் அறிக்கை வந்தபிறகு கொலைக்கான இ.பி.கோ. 302க்குப் பிரிவு மாற்றம் என்று போங்கள். 2025க்கு நகர்த்த ஆசைப்பட்டால் ஒன்றை யோசியுங்கள்: இப்போது சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுத்தாக வேண்டும். நாலாவது எபிசோடில் சோதனையின்போது ஏட்டு பேரேட்டைச் சட்டைக்குள் சொருகும் காட்சி அப்புறம் நிற்காது.

அதே எபிசோடில் பெட்ரோல் பங்க் கேமராப் பதிவு கொலை நடந்து 40 நாள் கழித்துக் கிடைக்கிறது. சாதாரணக் கடைகளில் இருக்கும் டி.வி.ஆரில் (கேமராப் பதிவைச் சேமிக்கும் பெட்டி) பெரும்பாலும் 15 முதல் 30 நாளில் பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும். முதல் வாரத்திலேயே எடுத்து வைத்து, ஆனால் டி.வி.ஆர். கடிகாரம் 50 நிமிடம் பிந்தி ஓடியதை யாரும் கவனிக்கவில்லை என்று வையுங்கள். சம்பவ நேரத்தில் வேறிடத்தில் இருந்தேன் என்ற கூட்டாளியின் அலிபி, அதை யாராவது கவனிக்கும்வரை தாங்கும். செல்போன் டவரும் கிணற்றடியைக் காட்டாது. கிராமத்தில் ஒரு டவர் பல கிலோமீட்டருக்குப் பரவும், அவன் வீடும் அதற்குள்ளேயே வரும். ராத்திரியில் ஓயாமல் போன் பேசுகிறவனின் சி.டி.ஆரில் (போன் அழைப்புப் பட்டியல்) அன்றைக்கு ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை ஓர் அழைப்பும் இல்லை என்பது அதைவிட நல்ல துப்பு.

ஐந்தாவது எபிசோடில் அடி வாங்கி அவன் ஒப்புக்கொண்டதும் வழக்கு முடிந்தமாதிரி பின்னணி இசை எழுகிறது. போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் அப்போதைய சாட்சியச் சட்டம் 25ஆம் பிரிவின்படி நீதிமன்றத்தில் அவனுக்கு எதிராகச் செல்லாது. 27ஆம் பிரிவின்படி, அவன் சொல்லிப் பொருள் கிடைத்தால் அந்தக் கண்டெடுப்பைச் சார்ந்த பகுதி மட்டும் நிற்கும். ஆக, "நான்தான் கொன்னேன்" என்பதில் அல்ல, "கொட்டகைக்குப் பின்னால புதைச்சிருக்கேன்" என்பதில்தான் காட்சியின் உச்சம் இருக்கிறது. தடியை எடுக்கும்போது வி.ஏ.ஓ.வும் அவருடைய உதவியாளரும் மகஜரில், அதாவது பொருளைக் கைப்பற்றியதற்கான பதிவில், சாட்சிகளாகக் கையெழுத்துப் போடட்டும். உதவியாளர் கூட்டாளியிடம் சீட்டுப் போட்டவர் என்றால், பின்னால் நீதிமன்றத்தில் பேச்சை மாற்றிப் பிறழ் சாட்சி ஆவதற்கு அவருக்குச் சொந்தக் காரணமும் கிடைத்துவிடும்.

பொய் சொல்லும் ஒவ்வொருவருக்கும் இப்படிச் சொந்தக் காரணம் வேண்டும். மூன்றாவது எபிசோடில் கணக்கப்பிள்ளை இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்து, "கொலைகாரன் யாருன்னு தெரியும் சார், நேர்ல சொல்றேன்" என்கிறார். அடுத்த காட்சியில் லாரி ஏற்றிக் கொல்லப்படுகிறார். எத்தனை தொடரில் பார்த்துவிட்டோம்! அவர் போனில் பெயரைச் சொல்லாததற்கு ஒரே காரணம், சொன்னால் உங்களுக்கு ஐந்து எபிசோடு மிச்சமிருக்காது என்பதுதான். அவரைப் பேராசைக்காரராக ஆக்குங்கள். போலீசுக்குப் போன் செய்யும் முன்பே கூட்டாளியிடம் பணம் கேட்டிருக்கட்டும். பெயர்தான் அவருடைய சரக்கு, விலை படியாமல் இரண்டு பக்கமும் அவர் வாய் திறக்க மாட்டார். அவர் சாவதற்கும் தனியாகக் காரணம் தேட வேண்டியதில்லை.

இன்ஸ்பெக்டருக்கு நீங்கள் கொடுத்திருக்கும் இறந்துபோன மகள் வேண்டாம். 302 வழக்கில் ரிமாண்ட் செய்து 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் அவன் கேட்டவுடன் ஜாமீன் கிடைக்கும். தடயவியல் ஆய்வக அறிக்கை வரவில்லை, மகஜர் சாட்சி வழுக்குகிறார், அடித்து வாங்கிய வாக்குமூலம் உதவாது. அடித்தவரும் அவரேதான். ஆறிலிருந்து எட்டு வரை அவரை ஓட வைக்க இது தாராளமாகப் போதும்.

ஏழாவதைத் தொடங்கும்முன் நோட்டை மூன்றாம் எபிசோடு வரைக்குமாவது நிரப்பி, திருத்திய திரைக்கதையோடு அனுப்புங்கள். கணக்கப்பிள்ளையின் வரிசையை முதலில் பார்க்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்